இடுப்புக்கு மேல் இளவரசன்

பொறாமையில் பல தினுசு உண்டு. எதிர்வீட்டுக்காரிமேல் வருவது அவள் வீடு மாற்றிப் போனதும் போய்விடும். கூடப் படிக்கிறவள்மேல் வருவது பரீட்சையோடு தீர்ந்துவிடும். கூடப் பிறந்தவள்மேல் வந்தால்தான் தொலைந்தோம். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருக்கும், தூங்கும்போது பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும், எங்கே ஓடுவது? அக்கா தங்கை இருவரில் பெரியவளுக்கு வந்திருந்தது இந்தத் தினுசு. அதற்கு வேறு ஏதாவது நல்ல பெயர் வைத்து மூடி மறைக்க நான் தயாராக இல்லை. வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகாத காலம் அது. பெண்கள் கல்லூரி என்பதே புதுச் சமாசாரம். வருஷ முடிவில் அந்தப் பெண்கள் மேடையேறி நாடகம் போடுகிறார்கள், நடனமும் ஆடுகிறார்கள் என்றதும் ஊரில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள், மீதிப் பேர் டிக்கெட் கேட்டார்கள். கேட்டு என்ன பிரயோசனம்? ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பெற்ற அப்பனாகவே இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். நம் சகோதரிகளின் அப்பா அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவர். வருஷா வருஷம் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, நாடக நோட்டீஸில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருப்பார். உள்ளே நடந்ததை அம்மா வந்து சொன்னால் உண்டு.

ஆண் உள்ளே வரக்கூடாது என்றால் நாடகத்தில் ராஜா யார், இளவரசன் யார்? உயரமான பெண்கள்தான். ஆனால் கல்லூரித் தலைவி அம்மாள் ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: மீசை ஒட்டிக்கொள்ளட்டும், கோட்டு போடட்டும், தொப்பி வைக்கட்டும், கால்சட்டை மட்டும் நான் இருக்கிற வரைக்கும் நடக்காது. அதனால் ஆண் வேஷம் எல்லாம் இடுப்போடு நின்றது. இடுப்புக்கு மேல் இளவரசன், இடுப்புக்குக் கீழ் கல்லூரியின் கறுப்புப் பாவாடை. அதை மறைக்க மேடையின் முன்பக்கம் முழுக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை வேலி. பச்சைச் சாயத்தில் செடி கொடி வரைந்து வைத்திருப்பார்கள். கதை அரண்மனையில் நடந்தாலும் வேலி உண்டு, கப்பலில் நடந்தாலும் வேலி உண்டு. நடுக்கடலில் ஏது ரோஜாச் செடி என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பெரியவள் வாசற்படிகளில் குனிந்து போகிற உயரம். கல்லூரியில் எல்லாரும் அவளை 'நெட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வேறென்ன வேஷம் கிடைக்கும்? முதல் வருஷம் தாடி வைத்த தளபதியாக வந்தாள். நாடகம் முடிந்ததும் அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான்டி இருந்துச்சு. ஆமா, நீ எந்த சீன்ல வந்தே? கண்ணு வலிக்கத் தேடினேனே!" என்றாள். பெரியவள் சிரித்துவிட்டாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் தங்கை அப்போது இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அடுத்த வருஷம் சின்னவள் வந்து சேர்ந்தாள். குட்டியாக, துறுதுறுவென்று, சிரித்தால் கன்னம் குழிகிற முகம். வந்த மாசமே அவளைக் கதாநாயகி ஆக்கிவிட்டார்கள். நெட்டையைவிடப் பொருத்தமான இளவரசன் இல்லை, அவள் தங்கையைவிடப் பொருத்தமான நாயகி இல்லை. ஆக, அக்காவும் தங்கையும்தான் ஜோடி. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. அம்மா அன்றைக்கும் வேஷம் கட்டுகிற அறைக்கு ஓடி வந்தாள். சின்னவளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "என் கண்ணே பட்டுடும் போல இருக்கே!" என்றாள். அப்புறம் திரும்பி, மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்து, "பிள்ளையை நீ நல்லா பத்திரமா புடிச்சுக்கிட்டேம்மா. எங்க விழுந்துடுவாளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

பத்திரமாகப் பிடித்துக்கொண்டாளாம்! அலமாரிகூடத்தான் துணியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறது. பெரியவளுக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது இந்த வருஷம்வரை அணையவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த நடனம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே கொஞ்சம் கோபம் வரும்.

நடன டீச்சர் கெட்டிக்காரி. பரீட்சை நெருங்குகிற சமயத்தில் எல்லாருக்கும் எல்லா அடியும் சொல்லித்தர நேரம் இருக்காது. அதனால் ஒரு வழி வைத்திருந்தார். ஆண் வேஷக்காரிகள் மட்டும் முழு நடனத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் வேஷக்காரிகள் கடைசி வாரம் வந்தால் போதும். ஆணாக ஆடுகிறவளின் வலது கை ஜோடியின் முதுகில் இருக்கும். அந்தக் கைதான் எல்லாம். உள்ளங்கை அழுத்தினால் பின்னால் போ. சுண்டுவிரல் தட்டினால் சுழன்று வா. கட்டைவிரல் மேலே ஏறினால் நில். ஜோடி ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம், முதுகில் வருகிற சொல்லைக் கேட்டுக்கொண்டு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.

பெரியவள் சாயங்காலம் தோறும் ஒத்திகைக்கூடத்தில் கால் வீங்க ஆடிவிட்டு விடுதி அறைக்கு வந்து, அங்கேயும் தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஆடிப் பழகுவாள். சின்னவள் அந்தக் கட்டிலில்தான் எதையாவது கொறித்துக்கொண்டு கால்மேல் கால் போட்டுப் படுத்திருப்பாள்.

"தலையணை ரொம்ப நல்லா ஆடுதுக்கா."

"உன்னைவிட நல்லாத்தான் ஆடுது. வாயை மூடிக்கிட்டு ஆடுது."

"என்னைக்காவது அதுக்கு மேடையில வாய்ப்பு குடு, பாவம்."

சின்னவள் புரண்டு சிரிப்பாள். பெரியவளும் சில நாள் சிரிப்பாள். ஆனால் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அவள் மனசுக்குள் ஒரே ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்: ஆடுகிறது அவள் இல்லை, ஆட்டுகிறது நான். ஒருநாள் என் கையை எடுத்துவிட்டால் அவள் நடுமேடையில் திருதிருவென்று முழிப்பாள்.

அந்த வாக்கியம் அவளுக்கு ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது. ஊர் முழுக்கத் தங்கையைத் தலையில் தூக்கிவைத்து ஆடட்டும், உண்மை என்னவென்று எனக்குத் தெரியும் என்கிற ஆறுதல். இந்த வருஷம் மட்டும் நடன டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது ஆறுதலாகவே இருந்து போயிருக்கும்.

இது பெரியவளுக்குக் கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் அடுத்து என்ன என்று அப்பா எப்போதோ முடிவு பண்ணிவிட்டார். அச்சுக்கூடத்தில் அவருக்கு எதிரே ஒரு நாற்காலி. பிழை திருத்துகிறவர் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே ஒருத்தர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும். வார்த்தையை மட்டுமல்ல, கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து. "ஏலம், கமா, வருகிற திங்கட்கிழமை, கமா, காலை, முற்றுப்புள்ளி." இப்படி நாள் முழுக்க. அப்பாவுக்கு மகள் எதிரே உட்கார்ந்து வாசிப்பாள் என்பதில் அத்தனை சந்தோஷம். மகளுக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே தொண்டை வறண்டது.

ஒத்திகை ஒன்று முடிந்ததும் நடன டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தலைநகரத்தில் புதிதாக ஒரு நடனப் பள்ளி ஆரம்பிக்கிறார்களாம். டீச்சரை அங்கே கூப்பிட்டிருக்கிறார்களாம். கூட ஒரு பெண்ணை உதவிக்கு அழைத்துப் போகலாமாம். அங்கேயே பயிற்சி, அங்கேயே தங்கல், பின்னால் அந்தப் பெண்ணும் டீச்சர் ஆகிவிடலாம். பெரியவளின் நெஞ்சு அடித்துக்கொண்டது டீச்சருக்கே கேட்டிருக்கும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சரி என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

"உன் தங்கச்சியை அனுப்புவாங்களாம்மா உங்க வீட்டுல?" என்றார் டீச்சர்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. "அவளையா டீச்சர்?"

"ஆமா. அவ மேடையில வந்தா கண்ணு வேற பக்கம் போகமாட்டேங்குது. அது சொல்லிக்குடுத்து வர்றது இல்ல."

"அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு."

"படிப்பு எங்க போகுது? நாடகத்தன்னைக்கு உங்க அம்மா வருவாங்கல்ல, நான் பேசிப் பாக்கறேன். உனக்கொண்ணும் வருத்தமில்லையே?"

"எனக்கென்ன டீச்சர் வருத்தம்?" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள்.

எனக்கும் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிறது பிச்சை என்று நினைக்கிற ஜாதி அவள். வீட்டில்கூட இன்னொரு கரண்டி போடு என்று வாய்விட்டுக் கேட்டதில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கேட்காமலே எல்லாம் கிடைக்கிற ஒருத்தி அதே வீட்டில் வளர்ந்தது அவள் தலையெழுத்து.

அன்றிலிருந்து சின்னவள் எது செய்தாலும் ஆகவில்லை. அவள் பாடினால் தலைவலி, தலை வாரினால் எரிச்சல், "அக்கா, என் ரிப்பனைப் பாத்தியா?" என்று கேட்டால் ஏதோ சொத்தையே கேட்ட மாதிரி கோபம். என் விரல் நுனியில் ஆடுகிற பொம்மைக்குத் தலைநகரம், எனக்குக் கமாவா? அப்படியானால் பார்த்துவிடுவோம். டீச்சர் பார்க்கட்டும், அம்மா பார்க்கட்டும், சபையே பார்க்கட்டும். நடனத்தின் நடுவில் கையைச் சும்மா வைத்துவிடுவேன். அழுத்தமாட்டேன், தட்டமாட்டேன். அப்புறம் இந்தக் கண் வேறு பக்கம் போகாத அழகி என்ன செய்கிறாள் என்று பார்ப்போம். இதைத் தீர்மானித்த நாளிலிருந்து பெரியவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாடகம் மத்தியான வேளையில். கல்லூரிப் பெரிய கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, மேடையில் காஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். உள்ளே அம்மாக்கள், அத்தைகள், சித்திகள், அண்ணிகள், கைக்குழந்தைகள். ஆண் வாடையே இல்லாததால் எல்லாரும் உரக்கச் சிரித்தார்கள், காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வெளியே கேட்டருகே குதிரை வண்டிக்காரர்களோடு அப்பா.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. தோட்டக்காரனாக வேஷம் போட்டு வந்த இளவரசன், மந்திரி மகள், மூன்றாம் காட்சியில் இருவரும் தோட்டத்தில் ஆடும் ஜோடி நடனம். அதற்காகத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். இரண்டாம் காட்சி முடிந்து திரை விழுந்தபோது, பக்கத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பெரியவள் எட்டிப் பார்த்தாள். நடன டீச்சர் முன்வரிசைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். பேச்சு முடிந்துவிட்டது, கொடுத்தாகிவிட்டது. இனிமேல் தயக்கம் எதற்கு?

டீச்சர் ஓட்டமாக வந்து வழக்கமான இடத்தில், மேடையின் பக்கவாட்டில், நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால்தான் வேலிக்குப் பின்னால் கால்கள் தெரியும். பியானோ ஆரம்பித்தது. திரை எழுந்தது.

சின்னவள் வந்து நின்றதும் கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வெளிர் நீலப் பாவாடை, கழுத்தில் பாசிமணி. அக்காவின் தோளில் இடது கையை வைத்து, நிமிர்ந்து பார்த்து, "மீசை கோணலா இருக்கு" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். முதல் சுற்று ஒழுங்காகப் போனது. உள்ளங்கை அழுத்தியது, சின்னவள் பின்னால் போனாள். சுண்டுவிரல் தட்டியது, சுழன்று வந்தாள். பாசிமணி மின்னியபோது முன்வரிசையில் யாரோ "அடடா" என்றார்கள்.

அந்த அடடாவில்தான் பெரியவளின் கை செத்தது.

கை முதுகில்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லும் இல்லை. பியானோ இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியது. சின்னவளின் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் ஒருமுறை அக்காவின் கண்ணுக்குள் வந்து தேடியது.

"அக்கா. கை."

பெரியவள் அவள் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்தாள். இதோ, இப்போது. இப்போது முழிப்பாள்.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

தோளில் சும்மா கிடந்த அந்தச் சின்னக் கை இறுகியது. ஐந்து விரலும் கோட்டுத் துணியைத் தாண்டி அழுந்த, பெரியவளின் கால் தன்னால் பின்னால் போனது. போகிற இடம் சரியான இடம். அடுத்து தோளை ஒரு பக்கம் லேசாகத் தள்ளினாள், பெரியவள் திரும்பினாள். இழுத்தாள், முன்னால் வந்தாள். ஒரு அடிகூடப் பிசகவில்லை. எத்தனையோ சாயங்காலம் தலையணையோடு கட்டிலைச் சுற்றிப் பெரியவள் ஆடிய அதே வரிசை, அதே இடத்தில் அதே நிறுத்தம். கடைசிச் சுழற்சியில் சின்னவள் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள். அதை டீச்சர் சொல்லித்தரவில்லை, அது அவளே போட்டது. அந்த வேகத்தில் பெரியவளின் தொப்பிகூட அழகாகச் சரிந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். வழி நடத்தாமல் ஆடுவது எப்படி இருக்கும் என்று பெரியவளுக்கு அதுவரை தெரியாது. எதையும் எண்ணவேண்டாம், எதையும் முந்தி நினைக்கவேண்டாம், உடம்பு லேசாக இருக்கும். அது சுகமாக இருந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்தச் சுகத்தை இவள் வருஷக்கணக்காக என் கையில் அனுபவித்திருக்கிறாள்!

நடனம் முடிந்ததும் கூடம் அதிர்ந்தது. சின்னவள் வேலியின் இடைவெளி வழியாக முன்னால் போய்க் குனிந்து வணங்கினாள். இளவரசன் வேலிக்குப் பின்னாலேயே நின்றான், அவனுக்குப் பாவாடை அல்லவா?

மீதிக் காட்சிகளைப் பெரியவள் எப்படி நடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் முடிந்து வேஷம் கட்டுகிற அறைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை, சின்னவள் மட்டும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாசிமணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்போடீ கத்துக்கிட்டே?" என்றாள் பெரியவள்.

"கட்டிலைச் சுத்திச் சுத்தி தினம் ஆடினியே. படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன். வேற என்ன வேலை எனக்கு?"

"தெரிஞ்சும் இத்தனை நாள் தெரியாத மாதிரி நடிச்சியா?"

"நடிக்கலக்கா. நீ கையை வெச்சா நான் எதுவுமே யோசிக்க வேணாம். நல்லா இருக்கும். அதான் சும்மா வந்தேன்."

பெரியவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எனக்கு மறந்துபோச்சு" என்று சொன்னாள். சின்னவள் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"மறந்தா உன் கை நடுங்கும். போன வருஷம் ஒரு இடத்துல மறந்தியே, அப்போ நடுங்கிச்சு. இன்னைக்கு நடுங்கல."

பெரியவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். அழுதிருந்தால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் பாசிமணியைச் சுருட்டி டப்பாவில் வைக்கிறவளை என்ன செய்வது?

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. அம்மாவும் நடன டீச்சரும் வழக்கடித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

"அதெப்படி டீச்சர்? இடைவேளையில என்ன பேசினோம்? சின்னவளை அனுப்பமாட்டேன், அவளுக்கு அக்கா கை இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கத் தெரியாது, பெரியவளைக் கூட்டிட்டுப் போங்க, அவதான் எதையும் தாங்குவான்னு சொன்னேன். நீங்களும் சரின்னீங்க. கையைத் தட்டிக்குடுத்தீங்க. இப்போ வந்து மாத்திப் பேசறீங்களே!"

பெரியவள் மெதுவாக எழுந்து நின்றாள். காதில் விழுந்தது மனசில் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இடைவேளையில் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது அவளுக்காக. கொடுத்தாகியிருந்தது அவளுக்கு. அந்த நடனத்தை எப்போதும்போல ஆடி முடித்திருந்தால், ஒரு கையை எப்போதும்போல அழுத்தியிருந்தால், இந்நேரம் அவள் தலைநகரத்துக்குப் பெட்டி கட்டுகிற பெண். ஐயோ என்று கத்தத் தோன்றியது.

"சரின்னது உண்மைதாம்மா" என்றார் டீச்சர். "பெரியவ உழைப்பாளி, ஒத்துக்கறேன். ஆனா நான் பக்கத்துல நின்னு காலைப் பாத்தேன். இன்னைக்கு நடனத்தைப் பாதியில இருந்து நடத்தினது உங்க சின்னவ. தோள்ல இருந்தே நடத்தினா. சபையில ஒருத்தருக்கும் தெரியல. இப்படி ஒரு பொண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. என்னால விடமுடியாது."

"நான் முன்னாடிதானே உக்காந்திருந்தேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"முன்னாடி இருந்தா வேலிதாம்மா தெரியும்."

அம்மா நம்பவில்லை. சின்னவள் அவளுக்கு வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. நேராகப் பெரியவளிடம் வந்தாள். "டீச்சர் சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். நீ சொல்லு, நான் நம்பறேன். உன் கை இல்லாம அவ ஆடினாளா?"

பெரியவள் வாயைத் திறக்குமுன்னே சின்னவள் குறுக்கே வந்தாள். "இல்லம்மா. டீச்சர் தப்பாப் பாத்துட்டாங்க. அக்காதான் நடத்தினா. எனக்கு ஒரு அடிகூடத் தெரியாது." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள், நீயும் ஆமாம்னு சொல்லிடு என்கிற மாதிரி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். டீச்சர் ஒருத்தியின் பேச்சுக்கு எதிரே மூன்று பேர் பேச்சு. தலைநகரம், நடனப் பள்ளி, எல்லாம் திரும்ப வந்துவிடும். சொல்லத்தான் நினைத்தாள் பெரியவள். ஆனால் அந்தத் தலையசைப்பு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ வெடித்தது. மேடையிலும் இவள்தான் காப்பாற்றினாள், இங்கேயும் இவள்தான் காப்பாற்றுகிறாளா? எனக்கு இவள் போடுகிற சோறா? இவள் தூக்கிப் போட்டதை வாங்கிக்கொண்டு தலைநகரத்தில் போய் எத்தனை வருஷம் ஆடினாலும், ஒவ்வொரு அடியும் இவள் கொடுத்ததாக இருக்குமே! அதைவிட நாள் முழுக்கக் கமா வாசித்துச் சாகலாம்.

"பொய் சொல்றாம்மா அவ" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "டீச்சர் சொல்றதுதான் நிஜம். நான் கையே அசைக்கல. முழுக்க அவதான் ஆட்டினா. அவளுக்கு எல்லா அடியும் தெரியும், என்னோடதும் சேர்த்துத் தெரியும். அவளையே அனுப்பு."

அம்மா பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி. அந்தக் கண்ணில் மெல்ல மெல்லத் தண்ணீர் கட்டியது.

"கையை வேணும்னேதான் சும்மா வெச்சிருந்தியா?"

"ஆமா."

"தங்கச்சி தனியா ஆடறது டீச்சர் கண்ணுல படணும்னா?"

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது. "இல்லம்மா! அதுக்கில்ல."

"இடைவேளையில நாங்க பேசினது உன் காதுல விழுந்திருக்கு. உனக்குக் கிடைச்சதை அவளுக்கு விட்டுக்குடுத்துட்டே. அதானே?"

"நான் விட்டுக்குடுக்கலம்மா! பொறாமையில செஞ்சேன்! அவ முழிக்கணும், அவமானப்படணும்னு செஞ்சேன். வயித்தெரிச்சல்ல செஞ்சேன்மா!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களா டீச்சர்? நல்லது பண்ணினேன்னு சொல்லிக்கக்கூடத் தெரியல என் பொண்ணுக்கு." கோட்டும் தொப்பியுமாக நின்றவளை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன்னைப் பெத்ததுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ! இத்தனை வருஷம் உன்னைச் சரியாக் கவனிக்காமலே இருந்துட்டேனேடி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தங்கை வந்ததிலிருந்து வெந்தாள். அது வந்தேவிட்டது. அம்மாவின் தோளில் முகம் அழுந்தியிருக்க, பெரியவள் தேம்பித் தேம்பி அழுதாள். தங்கையைப் பிரியப் போகிற துக்கம் என்று நினைத்து டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணி மாற்ற வந்த பெண்களெல்லாம் வாசலில் நின்று, இப்படியும் ஒரு அக்கா இருப்பாளா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சின்னவள் மட்டும் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.